பொன்னாடை வேண்டாம், புளோயர் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊராட்சி ஒன்றியங்கள், பேரூராட்சிகள், நகராட்சிகளில் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்தன்று தூய்மைப் பணியாளர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினீர்கள். பின்னால் 'நம் ஊர் நாயகர்கள்' என்று பெரிய பிளெக்ஸ். சந்தோஷம். அதே வாரம், மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், புதிதாகக் கட்டிய ஒரு செப்டிக் டேங்குக்குள், மேல் தளம் இறுகும்வரை தாங்கும் முட்டும் பலகையுமான சென்ட்ரிங்கைப் பிரிக்க இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார், அவரும் விழுந்தார். பக்கத்து மனையில் பாறைக்கு வெடிக்குழி போட நின்ற கம்ப்ரசர் டிராக்டரின் ஓஸை யாரோ சட்டென்று உள்ளே விட்டதால் இருவரும் பிழைத்தார்கள். சாவு விழவில்லை, அதனால் செய்தியும் இல்லை, விசாரணையும் இல்லை. கம்ப்ரசர்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

சென்ட்ரிங் வேலையிலும் கழிவுநீர் லாரியிலும் இருக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒன்றியத்துக்கு ஒரு மீட்புத் தொகுப்பு வையுங்கள். காற்று ஊதும் புளோயர், அதற்கு 25 அடி குழாய், நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர், தொட்டி வாய்க்கு மேலே நிறுத்த, கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் வின்ச்சோடு ஒரு மூன்று கால் தாங்கி (முக்காலி), தோள், மார்பு, தொடை மூன்றையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் இரண்டு. தருமபுரியில் 10 ஒன்றியம், கிருஷ்ணகிரியில் 10 ஒன்றியம், ஆக 20 தொகுப்பு. நகரங்களுக்குத் தனியாக. கேட்பவருக்கு வாடகையில்லாமல், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

புதுத் தொட்டியில் மலம் ஏது, விஷவாயு ஏது என்று உங்கள் அலுவலகத்திலேயே கேட்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கம் நாலடி தோண்டினால் பாறை. தொட்டிக்குள் இறங்கிய மழைத் தண்ணீரும், கான்கிரீட் இறுக ஊற்றும் கியூரிங் தண்ணீரும் எங்கும் வடியாது, அப்படியே நிற்கும். மேல் தளம் போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் முட்டுப் பிரிப்பார்கள். மேஸ்திரிக்கு வேறு சைட் வந்துவிட்டால் இரண்டு மாதம்கூட ஆகும். அதுவரை உள்ளே சவுக்குக் கம்பும் பலகையும் சாக்கும் அழுகிக்கொண்டிருக்கும், இரும்பு ஷீட் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அழுகுவதும் துருப்பிடிப்பதும் ஆக்சிஜனைத் தின்றுதான் நடக்கும். வெளிக்காற்றில் 20.9 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக் கூடாது. 10க்குப் போனால் நினைவு தப்பும். 6க்கும் கீழே என்றால் கத்தக்கூட நேரமிருக்காது. நாற்றம் இல்லை, புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை. மேலே நிற்பவருக்கு உள்ளே தெரிவதெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீரும் அதில் குப்புறக் கிடக்கும் ஆளும்தான். வழுக்கி விழுந்தான் என்று நினைத்துத்தான் இரண்டாமவர் இறங்குகிறார்.

அந்த இரண்டாமவரைப் பற்றித்தான் இந்த மடலே. இறங்குவது பெரும்பாலும் தம்பியாகவோ மச்சானாகவோ ஒரே ஊர்க் கூட்டாளியாகவோ இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கலாம் என்று கணக்குப் போடுவார். ஏணியில் 8 அடி இறங்கி, 60 கிலோ ஆளைத் தோளில் தூக்கும் வேலையை யாராலும் மூச்சடக்கிச் செய்ய முடியாது. தூக்க முயலும்போதே பெரிதாக ஒரு மூச்சு வாங்குவார். அதோடு சரி.

இடுப்பில் கயிறு கட்டித்தானே அனுப்பினோம் என்பார்கள் சைட் பொறுப்பாளர்கள். இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நினைவில்லாத உடம்பு நடுவில் மடங்கும், தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தொங்கும். தொட்டியின் வாய் ஒன்றரை அடிதான். மடங்கிய உடம்பு அதில் சிக்கி நிற்கும், மேலே நாலு பேர் நின்றாலும் வராது. முதுகுக்குப் பின்னால் வளையம் வைத்த முழு பெல்ட்டில் மாட்டினால் ஆள் நிமிர்ந்த வாக்கில், தலை முதலில் மேலே வருவார். முக்காலியும் வின்ச்சும் இருந்தால் ஒருவரே தூக்கிவிடலாம், இரண்டாமவர் இறங்கவே வேண்டாம். தீயணைப்புத் துறையினர் பறந்துதான் வருகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் காற்றில்லாத மூளை நாலைந்து நிமிடத்தில் சேதமாகத் தொடங்கும். அஞ்செட்டிக்கும் ஏரியூருக்கும் நாலு நிமிடத்தில் எந்த வண்டி வரும்?

பழைய தொட்டியின் கதை வேறு. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் வரும்வரை ஆள் உஷாராக இருப்பார். 100 பி.பி.எம். அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கே மரத்துப் போகும், நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குவார். காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். மேலே மூடியைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் பீடி பிடித்துவிட்டு வந்தாலும் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். காகிதத்தைக் கொளுத்திப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். மீத்தேன் இருந்தால் வெடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்பதை அது காட்டவும் காட்டாது. ஈரத்துண்டும் கொரோனா மாஸ்க்கும் தூசிக்குத்தான். புளோயர் குழாயை அடியிலிருந்து ஓரடி உயரம்வரை இறக்கி அரை மணி நேரம் ஊதி, மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் இரண்டிரண்டு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை புளோயர் ஓட வேண்டும்.

லாரி வந்து உறிஞ்சிய பிறகும் ஆள் ஏன் இறங்க வேண்டியிருக்கிறது தெரியுமா? வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்து, 'அடியில கட்டி அப்படியே கெடக்குதே, காசு எதுக்கு?' என்பார். அடியில் கொஞ்சம் கசடு கிடக்கத்தான் வேண்டும், அடுத்து வருவதை மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் அதில்தான் இருக்கின்றன. கட்டி அதிகமென்றால் உறிஞ்சிய நீரையே வேகமாகத் திருப்பி உள்ளே அடித்துக் கலக்கி மறுபடி உறிஞ்சலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் கட்டியே பிடிக்காது. 14420க்குப் போன் செய்தால் லாரி வரும் என்று சுவரில் எழுதுகிறீர்கள், 'அடிவரை துடைக்கச் சொல்லாதீர்கள்' என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்து எழுதக் கூடாதா?

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கினால் மனிதக் கழிவை மனிதர் அகற்றத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்ற உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சென்ட்ரிங் பிரிக்க இறங்கிச் செத்தவர் கழிவைச் சுத்தம் செய்யவில்லையே, அதனால் அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார் என்று ஒரு வாதம் தயாராக இருக்கிறது. ஒரே தொட்டி, ஒரே வாய், ஒரே சாவு. கான்கிரீட் காய்ந்த மாதம் செத்தால் ஒரு கணக்கு, குடிவந்த பிறகு செத்தால் வேறு கணக்கு. இதற்குப் பெயர் என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

நாயகன், வீரன் என்ற சொற்களை நம் மாவட்டத்தில் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். நடுகல் மண் இது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். எந்த அரசன் ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, யார் மாட்டை யார் கவர்ந்தார், மீட்கப் போய்ப் பட்டவன் பெயர் என்ன, எல்லாம் வட்டெழுத்தில் கல்லில் இருக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவதுவரை ஆறு படி வைத்து இலக்கணமே எழுதினார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லில், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாய்க்குக்கூடக் கோவிவன் என்று பெயர் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்ற செய்தியில் இரண்டாவதாக இறங்கியவர் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? அவரும் மீட்கப் போய்ப் பட்டவர்தான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், மன்னிக்கவும். கல் நடச் சொல்லவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு தொகுப்பு, அதுதான் கேட்டது.

கூடவே, செலவே இல்லாத இன்னொன்று. வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போது தொட்டி மூடியை எதில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். கருங்கல் பலகைக்கு நம் ஊரில் பஞ்சமா? குறுக்குச் சுவர் எழுப்பி, பலகையைப் பரப்பி, இடுக்கில் கலவை பூசினால் மூடி தயார். சென்ட்ரிங் கிடையாது, பிரிக்க ஆள் இறங்கவும் வேண்டாம். தளம்தான் போடுவேன் என்பவர், பெல்ட் கட்டிய ஆள் சிக்காமல் வர இரண்டடி அகலத்தில் எதிரெதிர் மூலையில் இரண்டு வாய் விடட்டும். ஒன்றில் காற்றை ஊதினால் மற்றதில் வெளியேறும்.

அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. அன்றைக்கு எங்களில் யாருக்கும் பொன்னாடை வாங்கி வைக்க வேண்டாம். தொகுப்பைக் கொண்டுவந்து ஊர்க்காரர்கள் முன்னால் பிரித்து, முக்காலியை நிறுத்தி, அரைமூட்டை சிமெண்டைப் பெல்ட்டில் மாட்டி ஒருமுறை தூக்கிக் காட்ட ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்ட்ரிங் வேலையிலும் கழிவுநீர் லாரியிலும் இருப்போர்,
தருமபுரி - கிருஷ்ணகிரி