குடம் நிறையும் சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதினொன்றாம் வகுப்புக்கு ஒத்ததிர்வு (ஒரு பொருளை அதன் சொந்தத் தாளத்திலேயே ஆட்டினால் அது பலமாக அதிர்வது) நடத்த வேண்டும், எங்கே தொடங்கட்டும் என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவியவரிடமா கேட்கிறாள் என்று அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சந்தோஷம்தான்.

தண்ணீர்க் குடத்தில் தொடங்கு. அடுப்படியில் நின்றுகொண்டே, "குடம் நிறையப் போகிறது, ஓடு" என்று அம்மா உன்னைக் கொல்லைக்கு விரட்டுவாளே! எட்டிப் பார்த்தா சொன்னாள்? தண்ணீர் ஏற ஏறக் குடத்துக்குள் இருக்கும் காற்று குட்டையாகிறது, சுருதி ஏறுகிறது. அவள் காதுக்கு அது போதும். உன் பிள்ளைகள் வீட்டிலும் குடம் இருக்கும்.

அப்புறம் ஒத்ததிர்வுக் குழாயை எடு, உள்ளே நீர்மட்டத்தை ஏற்றி இறக்கலாமே, அந்த நீளக் குழாய். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை, அதாவது தட்டினால் நொடிக்கு 512 முறை அதிரும் இரட்டைப்பல் உலோகக் கவையை, ரப்பர் கட்டையில் தட்டச் சொல். மேசை விளிம்பில் தட்டுகிறவனை நான் இன்றும் மன்னிக்க மாட்டேன். கவையைக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு நீர்மட்டத்தை மெல்ல இறக்கினால் முதலில் ஒன்றும் நடக்காது. 14, 15... 16 சென்டிமீட்டரைத் தாண்டியதும் குழாய் 'ம்ம்ம்' என்று முனகும். கொஞ்சம் தள்ளினால் அடங்கிவிடும். கவையின் தாளமும் குழாய்க் காற்றின் சொந்தத் தாளமும் ஒன்றாக விழுகிற இடம் அது. ஓர் அதிர்வு நேரத்தில் ஒலி போகும் தூரம்தான் அலைநீளம்; காற்றுத் தம்பம் அங்கே அதில் கால் பங்கு. இன்னும் இறக்கினால் 50ஐத் தாண்டி மறுபடி முனகும், இது முக்கால் பங்கு. வாய்க்கு வெளியேயும் சிறிது காற்று சேர்ந்து ஆடுவதால் இரண்டாவது அளவிலிருந்து முதல் அளவைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். வித்தியாசம் 34.2 சென்டிமீட்டர் என்றால், அது அரை அலைநீளம்; இரட்டித்து 512ஆல் பெருக்கு. ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர்.

அங்கேதான் எங்கள் பிள்ளைகளின் முகம் வாடும். புத்தகத்தில் 332 என்றல்லவா இருக்கிறது! உடனே ரப்பரை எடுத்து அளவுகளை அழித்து 332 வரும்படி எழுதிவிடுவார்கள். அதற்கு முழு மதிப்பெண் விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த 332 சுழி டிகிரிக்கு உரியது, பாப்பா. டிகிரிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். 31 டிகிரி காட்டிக்கொண்டு வெப்பமானி அதே சுவரில் தொங்கும், யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. உதவியாளன் பேசினால் யார் கேட்பார்கள் என்று நானும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. உன் வகுப்பில் எவளாவது 350 என்று எழுதினால் அவள் பக்கம் நில்.

இன்னொன்று. உன் புது வீட்டுக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்கிறாள் அம்மா. ஐந்தடிப் பெண்ணுக்கு இரண்டரை அடிக் கண்ணாடி போதும். பாதத்திலிருந்து வரும் ஒளி, தரைக்கும் கண்ணுக்கும் நட்ட நடுவில் பட்டுத்தான் கண்ணுக்குத் திரும்புகிறது. அதற்குக் கீழே இருக்கும் கண்ணாடி வீண். கீழ் விளிம்பு 2 அடி 4 அங்குல உயரத்தில் இருக்கட்டும். தள்ளி நின்றால் இன்னும் அதிகமாகத் தெரியும் என்பதெல்லாம் சும்மா. நேற்று பீரோக் கண்ணாடியில் அந்த உயரத்துக்குக் கீழே செய்தித்தாளை ஒட்டி, அம்மாவை நிற்க வைத்தேன். சேலைக் கரை, மெட்டி, எல்லாம் தெரிந்தது. ஒத்துக்கொண்டாள். ஆனாலும் ஆளுயரம்தான் வேண்டுமாம்.

பணம் அனுப்பியிருக்கிறேன். எதை வாங்கினாய் என்று அவளிடம் நீயே சொல்லிக்கொள்.

அப்பா