கமலாவின் உறையும் என் பவுண்டுகளும்

மதுரை

அன்புள்ள ராமலிங்கம்,

நலம். நீயும் தங்கை கமலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து திரும்பியதும் எழுதுவதாகச் சொல்லிவிட்டு இத்தனை நாள் சும்மா இருந்ததற்கு நீ திட்டத் தொடங்குவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மகள் நன்றாக இருக்கிறாள். பேரன் தமிழில் பிடிவாதம் பிடித்து ஆங்கிலத்தில் சமாதானமாகிறான். சரோஜாவின் முழங்கால் அந்த ஊர்க் குளிரை இன்னும் மன்னிக்கவில்லை. குடும்பச் செய்தி இவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்பதை மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் மாணிக்கம் சொல்லி, திருநெல்வேலிக்கு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவன் கூடவே சொன்ன இன்னொரு செய்திதான் என்னை இன்று பேனா எடுக்க வைத்தது. 2014-இல் மகன் படிப்பு முடித்தபோது நீங்கள் போய்வந்த பயணத்தில் மிஞ்சிய பவுண்டுகளைக் கமலா ஓர் உறையில் போட்டு, பட்டுப் புடவைகளுக்கு அடியில் ‘அடுத்த தடவைக்கு’ என்று பத்திரப்படுத்தியிருக்கிறாளாம். கைச்செலவுக்கு அது போதும் என்று நீயும் புதிதாக எதுவும் மாற்றாமல் விமானம் ஏறப்போகிறாயாம். மாணிக்கம் இதை உன் சிக்கனத்துக்குச் சான்றாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

அந்த உறையை இன்றைக்கே திறந்து பார். உள்ளே இருப்பவை காகித நோட்டுகளாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இங்கிலாந்து வங்கியின் பிளாஸ்டிக் நோட்டுகள் 2016-இல்தான் ஐந்து பவுண்டிலிருந்து வரத் தொடங்கின. எலிசபெத் ஃப்ரை படம் போட்ட காகித ஐந்து பவுண்டு 2017 மே 5-ஆம் தேதியோடும், டார்வின் படம் போட்ட பத்துப் பவுண்டு 2018 மார்ச் 1-ஆம் தேதியோடும், இருபதும் ஐம்பதும் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதியோடும் கடைப் புழக்கத்திலிருந்து போய்விட்டன. அந்த இருபது பவுண்டு நோட்டில் இருந்தவர் யார் என்று நினைவிருக்கிறதா? சாட்சாத் ஆடம் ஸ்மித். வாழ்நாள் முழுவதும் கல்லூரியில் அவரைப் பாடம் நடத்திய பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், அவரையே புடவைக்கு அடியில் அடைத்து வைத்துச் செல்லாக்காசாக்கினார் என்பதை உன் பழைய மாணவர்களுக்குச் சொன்னால் எவ்வளவு மகிழ்வார்கள்! கமலாவைக் குற்றம் சொல்லாதே. பணத்தைப் பத்திரப்படுத்தியது அவள்; பணம் என்றால் என்ன என்று வகுப்பெடுத்தவன் நீ.

பதறவும் வேண்டாம். கடையில் வாங்க மாட்டார்களே தவிர, இங்கிலாந்து வங்கி தான் வெளியிட்ட எந்தப் பழைய நோட்டுக்கும் காலக்கெடு இல்லாமல் அதே மதிப்பைக் கொடுக்கிறது. லண்டன் திரெட்நீடில் தெருவில் உள்ள அதன் கவுண்டரில் அடையாளச் சான்றோடு நேரில் மாற்றலாம், அஞ்சலிலும் அனுப்பலாம். நீ இதற்காக லண்டனுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. உன் மகன் கணக்கு வைத்திருக்கும் வங்கியே பழைய நோட்டைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறதா என்று முதலில் கேட்கட்டும், இல்லையென்றால் அஞ்சல் வழி. எப்படியும் அந்தப் பணம் நீ இறங்கிய அன்று டாக்சிக்கு உதவாது, ஆகையால் கைச்செலவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள். இன்னொன்று: உறையில் வட்டமான ஒரு பவுண்டுக் காசுகள் இருந்தால் அவையும் 2017 அக்டோபர் 15-ஆம் தேதியோடு புழக்கத்திலிருந்து நின்றுவிட்டன. இப்போது இருப்பது பன்னிரண்டு மூலையுள்ள காசு. காசு விஷயத்தில் இங்கிலாந்து வங்கி கைகொடுக்காது, மகனின் வங்கியைத்தான் கேட்க வேண்டும். இரண்டு பவுண்டும் மற்ற பென்ஸ் காசுகளும் இன்றும் செல்லும். ராணியார் மறைந்ததால் அவர் படம் போட்டதெல்லாம் செல்லாது என்று யாராவது உன்னைப் பயமுறுத்தினால் நம்பாதே. மன்னர் சார்லஸ் படம் போட்ட நோட்டுகள் 2024 ஜூன் முதல் புழக்கத்துக்கு வந்தன, ஆனால் ராணி படமுள்ள பிளாஸ்டிக் நோட்டுகளும் அவற்றோடு சேர்ந்தே புழங்குகின்றன.

இதை எழுதும்போது மாணிக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அம்மாவின் திதிக்கு வரும்போதெல்லாம் திருச்சி விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் கார் வாடகைக்கு என்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கையில் வைத்திருப்பானே, அவை 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு செல்லாமல் போயின. இந்தியக் குடிமக்களாக இருந்து வெளிநாட்டில் வசித்தவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. மலேசியக் குடிமகனான அவனுக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை. 2017-இல் வந்த சட்டப்படி, பழைய நோட்டை இங்கே பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம், நாணய ஆராய்ச்சிக்கு என்றால் இருபத்தைந்து. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் “என் அம்மா ஊர்ப் பணம் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டது” என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது என்னால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. நோட்டு என்பது கடைசியில் ஒரு வாக்குறுதிதான். ஒரு நாடு அதை எவ்வளவு காலம் காப்பாற்றும் என்பதை நாம் பீரோவில் வைத்துக்கொண்டு தீர்மானிக்க முடியாது. மிஞ்சிய அந்நியப் பணத்தை ‘அடுத்த தடவைக்கு’ என்று வைப்பவர்கள் எல்லோரும் அந்த வாக்குறுதியின் மேல் தெரியாமலே பந்தயம் கட்டுகிறார்கள் என்பது என் கட்சி.

என் கதைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு வெளியிடுகின்றன: பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல். மகள் எனக்குச் செலவுக்கு எடுத்துக் கொடுத்ததெல்லாம் அங்குள்ள ஏடிஎம்மில் வந்த அந்த நோட்டுகள்தான். பார்ப்பதற்கு இங்கிலாந்து வங்கி நோட்டைவிட அழகு என்றே சொல்வேன். ராயல் வங்கியின் பத்துப் பவுண்டில் மேரி சாமர்வில் என்ற விஞ்ஞானி இருக்கிறார். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் எல்லா நோட்டிலும் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னர் சார்லஸ் படம் எதிலும் கிடையாது. அந்த அழகுதான் இங்கே வம்பாயிற்று. மதுரையில் அந்நியப் பணம் மாற்றும் ஒரு மணி சேஞ்சர் கடையில் நான் கொடுத்த கட்டை அந்தப் பையன் சீட்டுப் பிரிப்பதுபோல இரண்டாகப் பிரித்தான். இங்கிலாந்து வங்கி நோட்டுகள் ஒரு பக்கம், ஸ்காட்லாந்து நோட்டுகள் ஒரு பக்கம். முதல் பங்கை எண்ணி எடுத்துக்கொண்டு, இரண்டாவதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளி, “இதெல்லாம் எடுக்கறதில்லை சார், ராஜா படம் இருந்தாத்தான்” என்றான். அதுவும் பவுண்டுதான், மதிப்பும் அதேதான் என்று வங்கியில் வேலை பார்த்த தோரணையில் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டான். எனக்குக் கோபம் வந்தாலும் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நோட்டை அவன் வேறு யாருக்கு விற்பான்? லண்டனிலேயே கடைக்காரர்கள் சிலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்று மகள் சொல்கிறாள்.

எனவே உனக்கு என் முதல் ஆலோசனை, கிளாஸ்கோவில் கைக்கு வரும் ஸ்காட்லாந்து நோட்டை ஸ்காட்லாந்திலேயே செலவழித்துவிடு, அல்லது கிளம்புவதற்கு முன் மகனிடம் கொடுத்து அவன் வங்கியில் போடச் சொல்லிவிடு. ஊருக்குக் கொண்டுவருவதானால் இங்கிலாந்து வங்கி நோட்டை மட்டும் கொண்டுவா. என்னிடம் தங்கிவிட்டதை மார்கழியில் வரும் மகளிடமே திருப்பிக் கொடுக்கப்போகிறேன், வேறு வழியில்லை.

காசுகளின் கதை இன்னும் மோசம். இரண்டு பவுண்டுக் காசு ஒன்று நம் கணக்கில் இருநூறு ரூபாய்க்கு மேல், ஆனால் அதை இங்கே எந்த மணி சேஞ்சரும் தொடமாட்டார், ஏனென்றால் காசை மூட்டை கட்டித் திருப்பி அனுப்பும் செலவு அவருக்குக் கட்டாது. இதற்கு மகள் ஒரு வழி காட்டினாள். அங்கே பெரிய கடைகளில் ஆளில்லாமல் நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களில் காசு வாங்கும் வாய் வைத்தவையும் இருக்கின்றன. கிளம்பும் வாரம் பணப்பையைக் கவிழ்த்து எல்லாச் சில்லறையையும், ஒரு பென்னி உட்பட, அதில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு மீதித் தொகைக்குக் கார்டை நீட்டினால் போதும், முகம் சுளிக்கக் கல்லாவில் யாரும் இல்லை. சரோஜா இதைக் கோயில் உண்டியலில் போடும் பக்தியோடு செய்தாள். அதையும் மீறி மிஞ்சுவதைச் சில விமான நிறுவனங்கள் விமானத்திலேயே உறை கொடுத்து யுனிசெஃப் குழந்தைகள் நிதிக்கு வாங்கிக்கொள்கின்றன. 1987-இலிருந்து நடக்கும் ஏற்பாடு அது, எந்த நாட்டுக் காசும் போடலாம். நீ கருமி என்று நான் சொன்னால் கோபப்படுவாய், ஆனால் உன் வீட்டில் பயன்படாத காசு அங்கே யாருக்காவது மருந்தாகிறது என்றால் அதைவிட நல்ல மாற்று விகிதம் உண்டா?

நோட்டுகளைப் பொறுத்தவரை சட்டம் நமக்குத் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது. 2,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை அந்நிய நோட்டுகளை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நாம் கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதைத்தான் திரும்பி வந்த 180 நாளுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற மணி சேஞ்சரிடமோ ஒப்படைக்க வேண்டும். காசுக்கு வரம்பே இல்லை. அடிக்கடி போய்வருபவர்கள் ஆர்எஃப்சி டொமஸ்டிக் என்ற கணக்கில் அந்நியப் பணமாகவே போட்டு வைக்கலாம், வட்டி கிடையாது என்றாலும் அடுத்த பயணத்துக்கு எடுக்கலாம். உன் மைத்துனர் மகன் படிக்கப் போகிறான், அவனுக்கே விலைக்குக் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் கமிஷன் மிச்சம் என்று உனக்குத் தோன்றும், எனக்கு உன்னைத் தெரியும். செய்யாதே. 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும்.

விற்பதானால் ஒரே தடவையாகச் சேர்த்து விற்றுவிடு. கடைப் பலகையில் ஒரே பணத்துக்கு இரண்டு விலை எழுதியிருக்கும். நீ கொண்டுபோவதற்குக் குறைந்த விலை, உனக்கு அவர்கள் கொடுப்பதற்குக் கூடிய விலை. நடுவில் இருக்கும் இடைவெளிதான் அவர்கள் பிழைப்பு, விமான நிலையத்தில் அது இன்னும் அகலம். அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு, தொகை எவ்வளவு சிறியதானாலும் குறைந்தது 45 ரூபாய். ஒரு பத்துப் பவுண்டு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அந்த 45 எவ்வளவு பெரிய கடி என்று பேராசிரியரான நீயே கணக்குப் போட்டுக்கொள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, சிறிது பேரமும் பேசி, ரசீது வாங்கிக்கொண்டு வா. இன்னும் கூடும் என்று நாள்தோறும் பவுண்டு விலை பார்த்துக் காத்திருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு வேலையற்ற வேலை. கையிலிருக்கும் எழுபது, எண்பது பவுண்டுக்கு அதில் வரும் லாபம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

கமலாவிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல். “உன் உறை செல்லாது” என்று தொடங்கினால் கிளாஸ்கோ வரைக்கும் உனக்குச் சோறு கிடைக்காது. உறையில் எந்தெந்தப் படம் போட்ட நோட்டு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. எடின்பரோவில் எந்த வங்கி வாங்கிக்கொள்கிறது என்று மகளை விசாரிக்கச் சொல்லி, நீ கிளம்புவதற்குள் பதில் எழுதுகிறேன். குளிருக்கு உள்ளாடை எத்தனை எடுத்துவைக்க வேண்டும் என்று சரோஜா கமலாவுக்குத் தனியாகப் பேசுவாள். மாணிக்கத்துக்கு நீயே ஒரு போன் போடு, இந்தத் தடவை அவன்தான் உன் பணத்தைக் காப்பாற்றியிருக்கிறான்.

அன்புடன்,
சுந்தரம்