வாசலில் வைத்துவிட்டுப் போன வான்கோழிக் கறி

மினியாபொலிஸ்
பிப்ரவரி 10

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரைக்கும் நடந்தார்கள் என்று படித்தபிறகுதான் எனக்கு நிம்மதி. இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலை இல்லை. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டு ராத்திரியும் நீயே கண் விழித்தால் உன் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? ராத்திரிக்கு மட்டுமாவது ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளடி. காசைப் பார்க்காதே.

அந்தக் குளிரில் என்ன சமைக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். போன சனிக்கிழமை சமைத்ததைச் சொல்கிறேன். அதைச் சொன்னாலே எங்கள் வீட்டுச் சேதி பாதி வந்துவிடும்.

மகள் டுலூத்தில் காலேஜ் முதல் வருஷம் படிக்கிறாள் இல்லையா, வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். முகம் வாடிக் கிடந்தது. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்றாள். காலையில் வெகுநேரம் கழித்து எழுந்து வந்தவளிடம், "மிளகு ரசம் வைக்கட்டுமா, மீன் குழம்பு வைக்கட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "பக்கத்து வீட்டுப் பாட்டி செய்வாங்களே ஹாட்டிஷ், அது செய்றியாம்மா? மசாலா எதுவும் போடாம, அவங்க செய்ற மாதிரியே" என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்றது. மனசு சரியில்லை என்றால் நமக்கு நாக்கு எதைத் தேடும்? ஹாஸ்டலில் காய்ச்சலாகக் கிடந்தபோது நீ தூக்குவாளியில் கொண்டுவந்த ரசம் சாதம்தான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். என் பிள்ளைக்கு அந்த இடத்தில் வேறொரு வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. ஆனால் அது அங்கே எப்படி வந்தது என்று யோசித்தபோது வருத்தம் போய்விட்டது.

ஹாட்டிஷ் என்பது இந்த மினசோட்டா ஊர்க்காரர்களின் சாப்பாடு. கொத்துக்கறி, காய், அதைச் சேர்த்துப் பிடிக்கக் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி ஓவன் அடுப்பில் வேகவைத்துவிடுவார்கள். 1930-ல் மன்கேட்டோ என்ற ஊரில் ஒரு லூத்தரன் சர்ச்சுப் பெண்கள் போட்ட சமையல் புத்தகத்தில் இதன் செய்முறை இருக்கிறது. கஷ்டகாலத்தில் கொஞ்சம் கறியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பசியாற்றிய சமையல். பிள்ளை பிறந்த வீடு, நோயாளி இருக்கும் வீடு, சாவு விழுந்த வீடு, எங்கும் அக்கம்பக்கத்தார் இதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது 2019 ஜனவரி கடைசியில். இவருக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். அந்த வாரம் இங்கே மைனஸ் 28 ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. நம் கணக்கில் மைனஸ் 33. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். கார் கிளம்பவில்லை. நான் ஒரு பக்கம் பிள்ளை, கட்டிலில் ஒரு நோயாளி என்று நின்றேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பக்கத்து வீட்டு அம்மா, எழுபது தாண்டியவர், இரண்டு துண்டு சுற்றிய கண்ணாடித் தட்டோடு நிற்கிறார். கண்ணிமையில் பனி படிந்திருக்கிறது. உள்ளே வாருங்கள் என்றால், "வான்கோழிதான் போட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் பிறகுதான் உறைத்தது. இங்கே எல்லோரும் ஹாட்டிஷ் மாட்டுக்கறியில்தான் செய்வார்கள். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. கோடையில் தோட்டத்தில் அடுப்பு மூட்டிப் பலரும் சேர்ந்து சாப்பிட்ட ஒருநாள் என் தட்டைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பார்த்ததை மனதில் வைத்திருக்கிறார்.

வான்கோழி அவர் கைக்கு வந்ததிலும் காரணம் இருக்கிறது. அவர் பிறந்தது வில்மர் பக்கம். அமெரிக்காவிலேயே அதிகம் வான்கோழி வளர்ப்பது இந்த மாநிலம்தான், அதிலும் அந்தப் பக்கம் கொட்டகை கொட்டகையாக இருக்கும். அவர் அண்ணனும் வளர்த்தவர். 2015-ல் பறவைக் காய்ச்சல் வந்தபோது ஒன்றுவிடாமல் அழிக்க வேண்டியதாயிற்று. காலையில் சத்தமே இல்லாத கொட்டகைக்குள் அண்ணன் போய் நின்றதை அவர் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

சரி, சமையலுக்கு வருகிறேன். நானும் வந்த புதிதில் வான்கோழிக் கொத்துக்கறி வாங்கி உங்கள் அம்மா கைப்பக்குவத்தில் கோலா உருண்டை பண்ணிப் பார்த்தேன். வாயில் போட்டால் மரத்தூள். ஆட்டுக்கறியில் கொழுப்பு தானாகவே இருக்கிறது; இதில் கிடையாது. பாக்கெட்டில் 99 என்று போட்டிருப்பது வெறும் நெஞ்சுக்கறி, காய்ந்துபோகும். 93 என்று போட்டிருப்பதில் கொழுப்பு 7 சதவீதம் இருக்கும், அதுதான் சரி. இரண்டு பவுண்டு வாங்கினேன்.

இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டுக் கறியைப் பரப்பி அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கிளறவே கூடாது. முதலில் கறியே தண்ணீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும், சாம்பல் நிறமாக, பார்க்கவே பிடிக்காது. பொறுத்திருந்தால் தண்ணீர் சுண்டி, சத்தம் மாறிப் பொரிய ஆரம்பிக்கும். அடி சிவந்த பிறகுதான் புரட்டிப் போட்டு உதிர்க்க வேண்டும். வெங்காயம், பூண்டு அதன்பின். அடியில் ஒட்டியிருக்கும் சிவப்பைக் கரண்டியால் சுரண்டிச் சேர்த்துவிடு, ருசி அங்கேதான் இருக்கிறது.

கடை டப்பா சூப்புக்குப் பதிலாகக் காளானை வெண்ணெயில் வதக்கி, மைதா தூவி, பால் ஊற்றிக் கெட்டியாகக் காய்ச்சினேன். உப்பு, மிளகுத்தூள். என் கை தானாக அஞ்சறைப் பெட்டியைத் திறந்து சோம்பு வரைக்கும் போய்விட்டது. அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

கறி, பீன்ஸ், காளான் சாறு எல்லாம் தட்டில் சேர்ந்ததும் மேலே டேட்டர் டாட் அடுக்க வேண்டும். துருவிய உருளைக்கிழங்கை விரல்நுனி அளவுக்குச் சின்ன உருளையாகச் செய்து உறையவைத்து விற்பார்கள். வறுவலுக்கு வெட்டியதில் மிஞ்சும் துண்டு துணுக்கை வீணாக்காமல் இருக்க, 1953-ல் ஓர்-ஐடா கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தது. பையைப் பிரித்தபோது அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "நான் வைக்கிறேன்" என்றாள். பாட்டியோடு நின்று சின்ன வயதில் அடுக்கியது போலவே, ஒரு வரிசை நெடுக்கில், ஒரு வரிசை குறுக்கில். அடுக்கிக்கொண்டே பேசினாள். கெமிஸ்ட்ரியில் இரண்டு தேர்வும் போய்விட்டதாம். அறைத்தோழி பாதியில் படிப்பை விட்டுப் போய்விட்டதால் ராத்திரியில் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையை முடிக்க விட்டேன்.

400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம். ஓரத்தில் சாறு குமிழியிட்டு, மேலே பொன்னிறமாக மொறுமொறுத்து வந்தது. வான்கோழிக் கொத்துக்கறி உள்ளே 165 டிகிரி தொட வேண்டும் என்பது இங்கே விதி. சூடு பார்க்கும் கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மூன்று பேரும் கிண்ணத்தில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டார். அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சோபாவில் தூங்கிப்போனாள்.

பக்கத்து வீட்டு அம்மா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவளை பஸ் ஏற்றிவிடப் போகும் வழியில் இருவருமாகத் தட்டோடு போய்ப் பார்த்தோம். 2019-ல் கொடுத்த அதே தட்டு. எத்தனையோ தடவை திருப்பிக் கொடுத்தும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நாலைந்து வாய் சாப்பிட்டார். அப்புறம் காலித் தட்டை வாங்கிக் கவிழ்த்து, அடியில் தன் பெயர் எழுதி ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் மகள் கையில் கொடுத்தார்.

உன் அம்மா கோலாவுக்குக் கால் கிலோ கறிக்கு எத்தனை கைப்பிடி பொட்டுக்கடலை போடுவார்கள் என்று மறக்காமல் கேட்டு எழுது. டிசம்பரில் மகளோடு வருகிறேன், ஒரு வாரம் உன் வீட்டில்தான்.

உன்
அறைத்தோழி