உன் பொண்ணு ரிப்போர்ட்டும் அந்த 64ம்

டேய் குமாரு,

மெசேஜும் பாத்தேன், ரிப்போர்ட் போட்டோவும் பாத்தேன். போன்ல ரெண்டு வரி தட்டிவிட்டிருக்கலாம், ஆனா ரத்த டெஸ்ட்ல பொண்ணுக்கு இரும்பு மாத்திரை சாப்ட்டும் ஹீமோகுளோபின் ஏன் ஏறலன்னு நீ கேட்ட கேள்விக்கு அது பத்தாது, அதான் சாவகாசமா உக்காந்து எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பையன் ஒருவழியா வேலைல உக்காந்துட்டான், எனக்குத்தான் முட்டி வலி ஆரம்பிச்சிருக்கு. இன்னும் அதே லேப்ல தான் குப்பை கொட்டுறேன், நைட் ஷிப்ட் மட்டும் இனிமே ஆகாதுன்னு சொல்லிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். நீ ஹீமோகுளோபின் 11.4ங்கறத மட்டும் வட்டம் போட்டு அனுப்பியிருக்க. எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. என் கண்ணு போனது அதுக்குக் கீழ இருந்த எம்சிவி 64 மேல. அதுதான் ஒரு சிவப்பணுவோட சராசரி பருமன், கணக்கு ஃபெம்டோலிட்டர்ல வரும், பெரியவங்களுக்கு 80லேந்து 100க்குள்ள இருக்கணும். 64னா நல்லாவே சின்ன செல்லு.

ஏன் சின்னதாகுதுன்னு கேப்ப. எலும்பு மஜ்ஜைல இந்த செல்லு உருவாகும்போது ரெண்டு ரெண்டா பிரிஞ்சுக்கிட்டே வரும், உள்ள ஹீமோகுளோபின் போதுமான அளவு சேந்ததும் பிரியறத நிறுத்திக்கும்னு சொல்றாங்க. இரும்பு இல்லன்னாலோ, ஹீமோகுளோபினோட புரதச் சங்கிலியே சரியா உருவாகலன்னாலோ, அந்த அளவ எட்ட நேரமாகுது, அதுக்குள்ள இன்னொரு தடவ பிரிஞ்சிடுது, வெளிய வர்றது குட்டி. பி12, ஃபோலேட்ங்கற விட்டமினுங்க கம்மியானா இதுக்கு நேர் எதிர், டிஎன்ஏ ரெடியாகாம பிரியறது தள்ளிப்போகுது, செல்லோட உடம்பு மட்டும் வளந்துக்கிட்டே இருக்கு, அதனால 110, 120னு குண்டு செல்லா வரும். ஆக ரெண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் 9னே இருந்தாலும் ஒருத்தருக்குத் தேவை இரும்பு, இன்னொருத்தருக்குத் தேவை பி12, அத மொதல்ல காட்டிக்குடுக்கறது இந்த சைஸ் தான்.

சைஸுக்கும் உடம்பு பெருசுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நெனச்சிடாத. நமக்கு ஒரு சிவப்பணு அகலம் ஏழரை, எட்டு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அவ்ளோ பெரிய யானைக்கே ஒம்பது கிட்டதான், ஆட்டுக்கு நம்மளதுல பாதி, சருகுமானுக்கு ரெண்டு மைக்ரான் அளவு தான். கேட்டப்போ நானே நம்பல.

நம்ம செல்லு தட்டையா நடுவுல குழிஞ்சு இருக்கறதுக்கும் காரணம் இருக்குடா. அதே பருமன உருண்டையா பிடிச்சா வெளிப்பரப்பு 100 சதுர மைக்ரானுக்குக் கொஞ்சம் கம்மியா வரும், தட்டையா இருக்கறதால 140 கிட்ட கெடைக்குது. ஆக்சிஜன் சட்டுனு உள்ள வரும் போகும், அதோட மிச்சம் இருக்கற தோல வெச்சுக்கிட்டு மடங்கி நெளிஞ்சு தன்ன விடக் குறுகலான ரத்தக்குழாய்க்குள்ளயும் புகுந்துடும். மண்ணீரல்ல இருக்கற இடுக்கு ஒரு மைக்ரான் கூட இருக்காது, எட்டு மைக்ரான் செல்லு அதுல நுழைஞ்சு வெளிய வரணும். உருண்டையாகிப் போன செல்லால அது முடியாது, அங்கயே மாட்டி அழிஞ்சிடும்.

நம்ம மெஷின் இத எப்படி அளக்குதுன்னா, ரத்தத்த உப்புத்தண்ணில கலந்து குட்டி ஓட்டை வழியா இழுக்கும், ஓட்டைல கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும், செல்லு குறுக்க வந்தா கரண்டுக்கு ஒரு தடை, செல்லு எவ்ளோ பெருசோ தடையும் அவ்ளோ பெருசு. வாலஸ் கோல்ட்டர்னு ஒருத்தர் 1953ல பேட்டன்ட் வாங்குன ஐடியா, இன்னிக்கும் லேப்ல ஓடிக்கிட்டிருக்கு. ஆனா மெஷினுக்குத் தெரிஞ்சது பருமன் மட்டும் தான். குளிர்ல சிவப்பணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற ரத்தம் சில பேருக்கு வரும், மெஷின் அந்தக் கும்பல ஒரே செல்லுன்னு எண்ணி எம்சிவி 130ங்கும், செல்லுக்குள்ள ஹீமோகுளோபின் எவ்ளோ அடர்த்தின்னு சொல்ற எம்சிஹெச்சியையும் தாறுமாறா 45ங்கும், எண்ணிக்கைய பாதியா காட்டும். அந்த மாதிரி வந்தா டியூப 37 டிகிரில வெச்சு சூடாக்கி உடனே மறுபடி ஓட்டுவோம், எல்லாம் ஒழுங்கா வந்துடும். அதனால தான் சந்தேகமா இருந்தா ஸ்மியர் போட்டு, அதாவது ரத்தத்த கண்ணாடில தேச்சு மைக்ராஸ்கோப்ல, கண்ணால பாக்கணும்னு புதுப் பசங்ககிட்ட கத்திக்கிட்டே இருக்கேன், எவன் கேக்கறான்.

இப்ப உன் பொண்ணு ரிப்போர்ட். சிவப்பணு எண்ணிக்க 5.8 மில்லியன், ஆர்டிடபிள்யூ 14. ஆர்டிடபிள்யூன்னா செல்லுங்க சைஸ்ல ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வித்தியாசம்ங்கறது. இரும்புச்சத்து கொறைஞ்சா பழைய செல்லு பெருசு புதுசு சின்னதுன்னு கலந்து கெடக்கும், ஆர்டிடபிள்யூ ஏறும், எண்ணிக்கையும் இறங்கும். இவளுக்கு எல்லா செல்லும் ஒரே மாதிரி சின்னது, எண்ணிக்கையோ சாதாரணத்த விட ஜாஸ்தி. எம்சிவிய எண்ணிக்கையால வகுத்துப் பாரு, 11 வருது. 13க்குக் கீழ வந்தா தலசீமியா ட்ரெய்ட் பக்கம் சாயும் (ஹீமோகுளோபின் சங்கிலி சரியா உருவாகாத பரம்பரைக் கோளாறு தலசீமியா, அத லேசா சுமக்கறது மட்டும் ட்ரெய்ட்), மேல போனா இரும்புக் குறைபாடு, இது மென்ட்சர்ங்கறவர் 1973ல சொன்ன கணக்கு. தீர்ப்பு இல்ல, ஒரு சந்தேகம் அவ்ளோதான். ஆனா மாசக்கணக்கா இரும்பு மாத்திரை சாப்ட்டும் ஏறலன்னு நீயே எழுதியிருக்க, அதான் சந்தேகம் இன்னும் கூடுது.

பயப்படாத. ட்ரெய்ட் இருந்தா நோய்னு அர்த்தம் இல்ல, நெறைய பேரு தெரியாமலே நல்லா வாழ்ந்துட்டுப் போறாங்க. டாக்டர்கிட்ட ஃபெரிட்டினும் (உடம்புல இரும்பு இருப்பக் காட்டும்) ஹெச்பி ஏ2வும் (ஒரு வகை ஹீமோகுளோபின், ட்ரெய்ட் இருந்தா பொதுவா ஏறியிருக்கும்) பாக்கலாமான்னு கேளு, ரெண்டையும் சேத்தே கேளு, ஏன்னா நெஜமாவே இரும்பும் கம்மியா இருந்தா ஏ2 இறங்கி ட்ரெய்ட்ட மறைச்சிடும். மாத்திரைய நீயா நிறுத்தாத, அதையும் அவர்கிட்டயே கேளு. ட்ரெய்ட்னு உறுதியாச்சுன்னா மாப்பிள்ளையும் டெஸ்ட் எடுக்கணும், ரெண்டு பேருக்கும் இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா நோயே வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, அதுக்காகத்தான் இவ்ளோ நீட்டி முழக்குறேன்.

ரிசல்ட் வந்ததும் முழு ஷீட்டையும் அனுப்பு, வட்டம் போடாம. அப்புறம் உன்னோட சிபிசி, அதான் இதே ரத்த டெஸ்ட், எடுத்து எவ்ளோ வருஷம் ஆச்சு? அவளுக்கு ட்ரெய்ட் இருந்தா அது உன்கிட்டேந்தோ உன் வீட்டுக்காரம்மாகிட்டேந்தோ தான் வந்திருக்கணும், நீங்க ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டு வாங்க.

உன்
சேகர்