ஏழாம் வகுப்பில் கழித்தல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"ரெண்டு வருஷம் பி.எட். படிச்சு என்னம்மா பிரயோஜனம், ஏழாம் வகுப்புல பாதிப் பேருக்குக் கழித்தலே வரலை" என்று போனில் சொன்னாயே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் எல்லாப் பழியையும் பயிற்சி மேல் போடாதே. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. கடன் வாங்கிக் கழிக்கப் பழக வேண்டிய வயதில் உன் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். விட்டுப்போன அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சரிக்கட்ட, தமிழ்நாடு அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022-ல் தொடங்கியபோது அது மூன்றாம் வகுப்பு வரைதான். இவர்கள் அப்போது நாலாம் வகுப்பு.

பயிற்சியில் குறை இல்லாமல் இல்லை. 2015-லிருந்து பி.எட். இரண்டாண்டு ஆனது, பள்ளியில் பயிற்சிக்கு 20 வாரம் ஒதுக்கினார்கள். நடப்பது என்ன? எங்கள் பள்ளிக்கு வந்த பயிற்சி ஆசிரியர்களை, ஆசிரியர் லீவு போட்ட வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்ச நேரம் ரெக்கார்டு நோட்டுக்கு ஸ்கெட்ச் பேனாவில் கோடு போடுவதில் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பையன் ஏன் இப்படி எழுதினான், பார்" என்று காட்ட ஆளில்லை. ஒரு சின்னப் பாடத்தைச் சில நிமிடம் நடத்திப் பழகும் நுண்நிலை கற்பித்தலில் மாணவர்கள் யார்? உன் தோழிகள்! அவர்களுக்கா கழித்தல் வராது?

சரி, இப்போது உன் வகுப்புக்கு வருவோம். 52-ல் 27 போனால் 35 என்று எழுதுகிறார்களா? அது கவனக்குறைவு இல்லை. 2-ல் 7 போகாது என்பதால், திருப்பி 7-ல் 2-ஐக் கழித்திருக்கிறார்கள். எத்தனை கணக்கு கொடுத்தாலும் அதையேதான் செய்வார்கள். "கடன் வாங்கு" என்று இன்னொரு தரம் கத்திப் புண்ணியமில்லை. சின்ன வகுப்பானால் ஈர்க்குச்சிக் கட்டு கொடுக்கலாம், இவர்கள் கூச்சப்படுவார்கள். பத்து ரூபாய் நோட்டு ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டும் கையில் கொடுத்து, 27 ரூபாய் கேள். சில்லறை இல்லையே டீச்சர் என்பான். நீ எதுவும் சொல்லாதே. அவனே ஒரு நோட்டை நீட்டிச் சில்லறை கேட்பான். கொடுத்த கையோடு, நோட்டுப் புத்தகத்தில் 5-ஐ அடித்து 4 போட வை. கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்று பரீட்சைக்கு எழுதினாயே, குழந்தைகள் யோசிக்கிற விதத்தை ஆராய்ந்த அந்தப் பியாஜே இங்கேதான் உதவுவார். அவரைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அப்புறம், உங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பார். கழித்தலைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். உன்னைப் போல மேல் வகுப்பு எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பொங்கலுக்கு வரும்போது தப்பு நிறைய இருக்கிற நோட்டுகளாக நாலைந்து எடுத்து வா, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா