ஃபிளாக்காக மாற்றினால் போன ஒலி திரும்பாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியாகும் கேள்வி-பதில் பகுதியில், சட்டைப்பையில் வைத்துக் கேட்கும் சிறிய மியூசிக் பிளேயருக்கு எந்தக் கோப்பு வடிவம் ஏற்றது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கையிலுள்ள எம்பி3 பாடல்களை எல்லாம், ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் தரம் கூடும் என்று அதற்குப் பதில் அளிக்கப்பட்டிருந்தது. ஃபிளாக் நல்ல வடிவம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எம்பி3-யிலிருந்து ஃபிளாக் எடுத்தால் மெமரி கார்டில் இடம் அடையுமே ஒழிய, ஒலி இம்மியளவும் மேம்படாது. இந்த விஷயத்தில் நான் பட்ட பாடு அந்த வாசகிக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமா, எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் நடந்த நாகசுரக் கச்சேரிகளை ஒரு சாதாரண டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு 60 நிமிடக் கேசட்டுகள் 12 என்னிடம் வந்து சேர்ந்தன. காலை நடையின்போது கேட்கலாம் என்று நினைத்து, கேசட்டை எம்பி3-யாக மாற்றித் தரும் கடை ஒன்றில் அவற்றைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் 2 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து இயர்போனை மாட்டிக்கொண்டு மல்லாரியைக் கேட்டபோது, தவிலில் ஒவ்வொரு அடியும் விழுவதற்கு முன்பே 'உஸ்' என்று ஒரு மெல்லிய இரைச்சல் முந்திக்கொண்டு வந்தது. ஜால்ராவோ தண்ணீருக்கு அடியில் தட்டியது போல் குழைந்து கேட்டது. கணினியில் போட்டுப் பார்த்ததில் காரணம் விளங்கியது. ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு ஒதுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் பிட் விகிதத்தை, நொடிக்கு வெறும் 64 கிலோபிட்டாக வைத்து எடுத்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரக் கச்சேரியும் 350 எம்பிக்குள் அடங்கிவிட்டதால், மீதி இடத்தை நான் கேட்காமலே திரைப்பாடல்களால் நிரப்பித் தந்திருந்தார்கள். 192 கிலோபிட்டில் எடுத்திருந்தால்கூட மொத்தமும் ஏறத்தாழ 1 ஜிபிதான் வந்திருக்கும். அதே கார்டில் தாராளமாகக் கொண்டிருக்கும்.

எம்பி3 என்பது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தின் பெரும்பங்களிப்பில் உருவாகி, 1990-களின் தொடக்கத்தில் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட முறை. பலத்த ஒலி ஒன்று எழும்போது அதற்கு அருகிலுள்ள மெல்லிய ஒலிகள் நம் காதுக்கு எட்டுவதில்லை. அப்படி எட்டாதவை எவை என்று கணக்கிட்டு அவற்றைக் கழித்துவிடுவதால்தான் கோப்பு அவ்வளவு சிறிதாகிறது. ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறபோது, ஒரு துண்டின் நடுவில் திடீரென்று தவில் அடி விழுந்தால், சுருக்குவதில் நேரும் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்பாகவும் கேட்டுவிடுகிறது. நீண்டு ஒலிக்கும் நாகசுரத்தில் அவ்வளவாகத் தெரியாத இந்தக் குறை, தவில், கடம், கஞ்சிரா போன்ற தாள வாத்தியங்களில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிட் விகிதம் 192-ஐத் தாண்டினால் என் காதுக்கு அந்த இரைச்சல் பெரும்பாலும் தட்டுப்படுவதில்லை.

2001-இல் வெளிவந்த ஃபிளாக் எதையும் கழிப்பதில்லை. நொடிக்கு 1,411 கிலோபிட் உள்ள சிடியின் ஒலியை, ஜிப் கோப்பைப் போல மடித்து வைத்து, திறக்கும்போது ஒரு பிட்டும் மாறாமல் திருப்பித் தரும். ஆகவே அதனிடம் எம்பி3-யைக் கொடுத்தால், அந்த எம்பி3 எதையெல்லாம் இழந்ததோ அந்த இழப்பையும் அப்படியே பத்திரப்படுத்தி வைக்கும், அவ்வளவுதான். கேசட் பதிவுகளுக்கு இன்னொன்றும் உண்டு. நாடாவின் இரைச்சலில் ஓர் ஒழுங்கு இல்லாததால் அது மடிய மறுக்கும். அதனால் சிடிப் பாடல்கள் சுருங்கும் அளவுக்குக் கேசட் பதிவுகள் ஃபிளாக்கில் சுருங்குவதில்லை.

பின்னர் நானே உட்கார்ந்து, பழைய கேசட் டெக்கின் வெளியீட்டைக் கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கேசட்டையும் மறுபடி பதிவு செய்தேன். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்துதான் ஆகவேண்டும். அதில் குறுக்கு வழி இல்லை. சுருக்காமல் வைத்தால் ஒன்றுக்கு 635 எம்பி வருவதால், ஃபிளாக்காகச் சேமித்து இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். பிளேயருக்கு அந்த ஃபிளாக்கிலிருந்து நேரடியாக 192 கிலோபிட் எம்பி3 எடுத்துக்கொண்டேன். ஒரே பிட் விகிதத்தில் எம்பி3-யை விட, அதற்குப் பின் வந்த ஏஏசி (AAC) என்ற சுருக்கும் முறை நன்றாக ஒலிக்கும் என்பது உண்மையே; ஆனால் என்னுடைய பொத்தான் வைத்த பிளேயருக்கு அது தெரியாது. எம்பி3-யைப் பாடாத பிளேயரை நான் இதுவரை பார்த்ததில்லை. புளூடூத் இயர்போனில் கேட்பவர்கள் பிளேயரில் ஃபிளாக்கை நிரப்புவதில் பொருளே இல்லை என்பேன், ஏனெனில் காதுக்குப் போகும் வழியில் புளூடூத் பெரும்பாலும் அதை மறுபடியும் கழித்துச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

ஆலாபனையையும் கீர்த்தனையையும் தனித்தனி எம்பி3 கோப்புகளாக வெட்டினால் பல பிளேயர்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி மௌனம் விழும் என்பதால், கேசட்டின் ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக விட்டுவிட்டேன். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தபோது பிளேயரின் திரையில் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரிந்தன. அதில் தமிழ் எழுத்துருவே இல்லை. வேறு வழியின்றி 01, 02 என்று எண்ணிட்டு, எது எந்த ராகம் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பிளேயரின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டில் எட்டாவது கேசட்டை மட்டும் மீட்க முடியவில்லை. பூஞ்சை பிடித்திருந்த நாடா, டெக்கில் சுற்றத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அறுந்துபோனது. எனவே அந்தக் கச்சேரிக்கு அந்தக் கடை தந்த 64 கிலோபிட் கோப்பு ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட கடைக்காரர், அதை 320-ஆக மாற்றித் தருவதாகச் சொன்னார். கோப்பு ஐந்து மடங்கு பெருத்து, அதே 'உஸ்' கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாய்மாமா கேசட்டின் மேல் எழுதியிருந்த தேதியைக் கோப்பின் பெயரில் சேர்த்து, 64 என்றும் குறித்து, அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
மன்னார்குடி.