காஃப்காகிட்ட கூட்டிட்டுப் போன பாட்டிக்கு நன்றி

செக் நாட்டு பிராக்ல மெட்ரோ வாசல்ல முழிச்சிட்டு நின்ன எனக்கு உதவின பாட்டிக்கு ரொம்ப நன்றி, பேர் கூட கேக்கல. பழைய யூதக் கல்லறைக்கு டிக்கெட் எடுத்துப் போயி ஒவ்வொரு கல்லா எழுத்தாளர் காஃப்காவத் தேடிருக்கேன், அங்க 1787க்கு அப்புறம் யாரையும் புதைக்கவே இல்லையாம், அவரு செத்தது 1924ல! (படிச்சிட்டுப் போயிருக்கணும், என் தப்புதான்.) பாட்டிக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு செக் வராது, ஆனா 'காஃப்கா'ன்னதும் சிரிச்சிட்டே கையப் புடிச்சு பச்சை லைன் ரயில்ல ஏத்தி ஜெலிவ்ஸ்கேஹோ ஸ்டேஷன்ல எறங்கி புது யூதக் கல்லறை வரைக்கும் கூடவே வந்தாங்க. அப்பா அம்மாவோட ஒரே கல்லறைலதான் அவரும் இருக்காரு, அப்பா மேல இருந்த மனக்குறையெல்லாம் கொட்டி அவருக்கே அவ்ளோ நீள லெட்டர் எழுதின மனுஷன்! கீழ யூத வழக்கப்படி வந்தவங்க வச்ச கூழாங்கல்லு, பேனா, நனைஞ்சுபோன சீட்டுங்க. பாட்டி கோட் பாக்கெட்லேர்ந்து ஒரு கல்ல எடுத்து என் கைல குடுத்து, வைன்னு கண்ணாலயே சொன்னாங்க.